இரைச்சலுக்கு முன்னால் ஒரு குரல்

பிச்சுமணி மாமா ரொம்ப நல்லவர். தொந்தரவே அதனால்தான் வந்தது.

திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுப் பக்கத்துத் தெருவில் விஜியின் வீடு. 1987ஆம் வருஷம் ஒருநாள், ஆபீசிலிருந்து வந்த அவள் அப்பா ராமசுப்ரமணியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. விஜிக்குப் பதினொரு வயது. தம்பி சுப்புவுக்கு ஆறு.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் வீட்டைச் சுத்தப்படுத்தும் புண்யாகவாசனம் நடந்தது. சாஸ்திரிகள் மந்திரம் சொல்லி, மாவிலையால் வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். அம்மாவின் அண்ணா பிச்சுமணி மாமா விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியோடு அப்பாவின் ரேடியோ அறைக்குள் புகுந்தார். மேசையைத் துடைத்தார். ஜன்னல் கம்பியைத் துடைத்தார். கடைசியில் அலமாரியில் இருந்த அப்பாவின் கேசட்டுகளையும் ஒன்று விடாமல் அழுத்தித் துடைத்தார்.

அப்பா ஒவ்வொரு கேசட்டின் மேலும் மைப்பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தார். மாமா துடைத்து முடித்தபோது பெயர்கள் எல்லாம் நீலக் கறையாகிவிட்டன. மாமாவுக்கு அது தெரியவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, "பார்த்தியா, எத்தனை நீட்டா இருக்கு" என்று திருப்தியோடு மூடிவைத்தார்.

அவை பாட்டுக் கேசட்டுகள் இல்லை. அப்பா ஒரு ஹாம். அதாவது, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர். ரேடியோ பெட்டிக்குப் பக்கத்தில் அவரிடம் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சரியான மறதிக்காரன். சுவிட்சை அணைத்தால் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்துபோகும். அதனால் புரோகிராம்களைக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். வேண்டும்போது டேப் ரிக்கார்டரில் ஓடவிட்டு, ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள்.

அம்மா அந்த அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். காப்பி டம்ளர்களை எண்ணாமல் எடுத்து நாலு வைப்பாள். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். 

ஒரு திங்கட்கிழமை வன்னியராஜ் வந்தார். மலை மேல் இருக்கும் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பள்ளிக்கூட ஆசிரியர். அவரும் புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஹாம்தான். அப்பாவுக்குச் சிநேகிதர். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் இல்லாத வீட்டுல இந்த செட்டை வச்சிருக்கக்கூடாதும்மா. சட்டம் அப்படி" என்றார் மெதுவாக. "லைசென்ஸ் உள்ள யாருக்காவது குடுத்துரணும். எனக்கே குடுங்கன்னு கேக்க வரல. முறையைச் சொல்ல வந்தேன்."

"நீங்களே எடுத்துக்கோங்கோ" என்றாள் அம்மா. "அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கம்ப்யூட்டரும் எடுத்துக்கோங்கோ. அந்த டின்னையும் சேர்த்துக் கொண்டுபோயிடுங்கோ. எனக்கு அதையெல்லாம் பார்க்க முடியல்லை."

வன்னியராஜின் கண் கலங்கியது. "சார் எனக்கு மோர்ஸ் தந்திக் குறி பழகுற புரோகிராம் தர்றதா சொல்லியிருந்தாங்கம்மா. ஸ்கூல்ல நாலஞ்சு பிள்ளைங்க ஆசையா இருக்கு. போன மழையில ரோடு இடிஞ்சு, போனும் செத்துப்போச்சு. மேல நாங்க என்ன ஆனோம்னு கீழ ஒருத்தருக்கும் தெரியாது. ரேடியோ இருந்தா ஒரு தைரியம்."

விஜி டின்னைத் திறந்து காட்டினாள். நீலக் கறை படிந்த கேசட்டுகளைப் பார்த்து அவர் திகைத்துவிட்டார். எதில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மாசக்கணக்கு ஆகும் போலிருந்தது.

"நான் பிரிச்சு அடுக்கி வைக்கறேன், அண்ணா" என்றாள் விஜி. "எனக்கு லோட் பண்ணத் தெரியும். ஞாயித்துக்கிழமை வாங்கோ."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரைப் பழைய டிவியோடு இணைத்தாள். டேப் ரிக்கார்டரின் வயரைச் செருகினாள். வயர் செருகியிருந்தால் டேப் ரிக்கார்டர் வாயே திறக்காது. சத்தம் அத்தனையும் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். டிவி ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடும். கோடு நின்றால் புரோகிராம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொன்றும் ஏறக் கால் மணி நேரம் போலத் தோன்றியது. பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திருவனந்தபுரத்துக் கரண்டுக்கு அப்படிப் போவதில் ஒரு தனிச் சந்தோஷம்.

"அக்கா, நான் கம்ப்யூட்டர் மாதிரி பேசட்டா?" என்று கேட்டான் சுப்பு.

"வேண்டாம்."

"கீஈஈஈ, க்ர்ர்ர்ர்" என்று அவன் பேசியே விட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இரைச்சலை அப்படியே செய்வான். பேசியபடியே மேசையைச் சுற்றி ஓடியவன் வயரில் கால் தடுக்கி விழுந்தான். வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

டேப் ரிக்கார்டர் வாயைத் திறந்தது.

"இது மோர்ஸ் பழகற புரோகிராம்" என்றது அப்பாவின் குரல். "முதல்ல மெள்ளப் போகும். பயப்படவேண்டாம். வேகம் கூட்டணும்னா ஒண்ணாம் நம்பர் அமுக்கணும்." லேசாக ஒரு இருமல். பிறகு, கீஈஈ என்று புரோகிராமின் இரைச்சல்.

விஜி சட்டென்று டேப்பை நிறுத்தினாள்.  இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எந்த இடத்தில் எந்தப் புரோகிராம் தொடங்குகிறது என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அப்பா அதன் பெயரைச் சொல்லிப் பதிந்திருக்கிறார். வயர் செருகியே இருந்ததால் அவள் அதைக் கேட்டதே இல்லை.

சுப்பு தரையில் உட்கார்ந்தபடியே இருந்தான். முழங்காலில் அடிபட்டதுகூட அவனுக்கு நினைவில்லை. "அப்பா எங்கேருந்து பேசறார்?"

விஜி யோசித்தாள். "போன வருஷத்துலேருந்து."

"இன்னும் பேசுவாரா?"

அவள் அறைக்கதவைச் சாத்தினாள். சத்தத்தைக் குறைத்துவைத்து, இன்னொரு கேசட்டைப் போட்டாள். அதிலும் அப்பா இருந்தார். அடுத்ததிலும் இருந்தார். ஒன்றில் சளி பிடித்த குரல். ஒன்றில், "இது சரியா வேலை செய்யல்லை, நாளைக்குப் பார்க்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருவரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். சுப்பு சிரித்தான். விஜிக்கு அழுகை வந்தது.

இந்த டின் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அப்பாவின் குரலும் அதோடு மலையேறிவிடும்.

'தரமாட்டேன்' என்று விஜி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கேசட் எல்லாம் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். மாமா ஈரத்துணியால் துடைத்தாரே, அதைக் காரணம் சொன்னால் யாரும் நம்புவார்கள். மாமா பாவம்தான். அதற்கு என்ன செய்வது?

பொய் தயாராகிவிட்டது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ரோடு இடிந்து, போனும் செத்து, மலை மேல் யாருமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அப்பா தருவதாகச் சொன்னதைத் தான் தராமல் இருப்பது, அப்பாவே ஏமாற்றியது போல ஆகிவிடும்.

மறுநாளும் வேலை தொடர்ந்தது. இந்தத் தடவை கேசட்டை முழுக்கப் பின்னால் ஓட்டிவிட்டு, வயரைச் செருகி, ஆரம்பத்திலிருந்தே போட்டாள். இப்போது அப்பா பேசிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். டிவியில் ஒன்றுமே நடக்கவில்லை. கம்ப்யூட்டர் சும்மா காத்துக்கொண்டிருந்தது. அப்பா பேசி முடித்து இரைச்சல் தொடங்கியதும்தான் கோடுகள் ஓடின.

"திமிரைப் பாரு. அப்பா பேசினா காதே குடுக்க மாட்டேங்கறது" என்றாள் கோபமாக.

"அதுக்கு அப்பா பாஷை தெரியாது. கீஈஈ பாஷைதான் தெரியும்" என்றான் சுப்பு.

விஜி அவனைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். இரைச்சல் மட்டும் உள்ளே போகிறது. குரல் கேசட்டிலேயே இருந்துவிடுகிறது. அப்படியென்றால் உள்ளே போன புரோகிராமை வேறு கேசட்டில் பதிந்துவிடலாமே. புரோகிராம் வன்னியராஜ் அண்ணாவுக்கு, குரல் நமக்கு.

அவள் சுப்புவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். எதற்கென்று தெரியாவிட்டாலும் அவன் சந்தோஷமாகச் சுற்றினான்.

ஆனால் வேறு கேசட்டுக்கு எங்கே போவது? தெருக்கோடியில் இருந்த பிச்சுமணி மாமா வீட்டுக்கு ஓடினாள். மாமா பஜனை கோஷ்டியில் பாடுகிறவர். பாடியதை எல்லாம் பதிந்து, அலமாரியில் இரண்டு தட்டு நிறையக் கேசட் வைத்திருந்தார்.

"பழைய கேசட் ரெண்டு மூணு கிடைக்குமா, மாமா? மேல வேற பதியணும்."

"எந்துக்குடி? என்ன செய்யப் போறே?"

விஜிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர் அழிந்தது, அப்பா குரல் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போகவிருப்பது, அத்தனையையும் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே மெதுவாக ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

"அவன் எழுத்தையா நான் அழிச்சேன்?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "சுத்தம் பண்றேன்னு நினைச்சேனேடி. அவன் எழுதினதாக்கும் அதெல்லாம்."

மாமா அழுது விஜி பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்தார். இப்போது மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நீங்க துடைக்காட்டா நான் வயரைப் பிடுங்கியிருக்கவே மாட்டேன், மாமா. அப்பா பேசியிருக்கார்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். வயரைப் பிடுங்கியது சுப்பு என்பதை இப்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மாமா எழுந்துபோய் ஒரு தட்டு முழுவதையும் காலி செய்து அவள் கையில் கொடுத்தார். "எல்லாம் எடுத்துக்கோ. என் பாட்டை யார் கேக்கறா? உன் மாமிகூடக் கேக்கறதில்லை."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் சனிக்கிழமை முழுக்கவும் விஜி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அப்பாவின் கேசட்டைப் போட்டு ஏற்றுவாள். எடுத்துவிட்டு மாமாவின் கேசட்டைப் போட்டுப் பதிவாள். ஒவ்வொன்றையும் வயரை எடுத்துவிட்டுக் கேட்டு, என்ன புரோகிராம் என்று தெரிந்துகொண்டு, பென்சிலால் பெயர் எழுதி ஒட்டினாள். மோர்ஸ் ஒரு வரிசை. யாரோடு எப்போது பேசினோம் என்று கணக்கு வைக்கும் புரோகிராம்கள் ஒரு வரிசை. வானத்தில் சுற்றும் சாட்டிலைட் எப்போது தலைக்கு மேல் வரும் என்று சொல்லுவது தனி.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கேசட்தான் பாக்கி. அதை ஓடவிட்டாள்.

"இது ஆன்டெனா நீளம் கணக்குப் போடற புரோகிராம்" என்றார் அப்பா. "எத்தனை மீட்டர் கம்பி வேணும்னு..."

தூரத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "ஏன்னா, காப்பி ஆறிப்போறது."

"இதோ வந்துட்டேன்" என்றார் அப்பா.

கீஈஈ என்று இரைச்சல் தொடங்கியது. விஜி திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

விஜிக்குப் பயமாக இருந்தது. டேப்பை நிறுத்தினாள். "நான் மெள்ளத்தான் வெச்சிருந்தேன், அம்மா."

அம்மா உள்ளே வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கவும் இல்லை.

"வரவே இல்லை" என்றாள். "வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிண்டே இருப்பார். ஆறினதைத்தான் குடிப்பார்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "இன்னொரு தடவை போடு."

விஜி போட்டாள். அப்புறம் இன்னொரு தடவை போட்டாள். சுப்பு வந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டான்.

கடைசிப் புரோகிராமும் பதிந்து முடிந்தது. ஆனால் புதுக் கேசட்டுகளை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டபோது விஜிக்கு ஒரு குறை தெரிந்தது. இரைச்சல், மௌனம், மறுபடி இரைச்சல். ஒரே கேசட்டில் நாலைந்து புரோகிராம். எது எங்கே தொடங்குகிறது என்று மலையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

"யாராவது பெயர் சொல்லித்தான் ஆகணும்" என்றாள் அம்மா.

"யார் சொல்றது?"

"பதிஞ்சவாதான் சொல்லணும்."

முதல் புரோகிராமுக்கு முன்னால் டேப்பை நிறுத்தி, வயரை எடுத்துவிட்டு, ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாள் விஜி. "இது" என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. அப்பா இருந்த இடத்தில் தான் பேசுவது அவளுக்குத் தப்புப் போலத் தோன்றியது. பின்னால் ஓட்டி மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவையும் அந்த ஒரு வார்த்தையோடு நின்றுவிட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். 

"இது மோர்ஸ் பழகற புரோகிராம்" என்றாள் விஜி. குரல் கொஞ்சம் நடுங்கியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். "முதல்ல மெள்ளப் போகும். பயப்படவேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வன்னியராஜ் எஸ்டேட் ஜீப்பில் வந்தார். வரிசையாக அடுக்கி வைத்திருந்த கேசட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்டார். விஜியின் குரல் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டார். அப்பாவின் குரல் பதிந்த பழைய கேசட்டுகளைத் தாங்களே வைத்துக்கொண்டதை விஜி சொன்னாள்.

"எல்லாக் கேசட்லயும் புரோகிராம் முடிஞ்சதும் பிச்சுமணி மாமா பாடுவார். பயந்துடாதேங்கோ" என்றாள் விஜி.

வன்னியராஜ் சிரித்தார். பிறகு தயங்கினார். "போன தீபாவளிக்கு சார் எனக்கு ஒரு கேசட் தந்தாங்க, பாப்பா. அதுல சார் குரல் இருக்கு. நீ சார் குரலை எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது. அதையும் கொண்டுவந்து தந்துரட்டா?"

விஜிக்கு வாய்வரை வந்துவிட்டது, தாங்கோ என்று. அப்பாவின் இன்னொரு குரல். அவள் கேட்டே இராத குரல்.

"வேண்டாம், அண்ணா" என்றாள். "அது உங்களுக்குன்னு பேசினது. நீங்க வெச்சுக்கோங்கோ."

ரேடியோ பெட்டியும் கம்ப்யூட்டரும் சாக்கில் சுற்றப்பட்டு ஜீப்பில் ஏறின. ஜீப் திரும்பி மறையும்வரை சுப்பு கையாட்டினான். மேசை வெறிச்சென்று ஆகிவிட்டது. பெட்டி இருந்த இடத்தில் மட்டும் மரம் பளிச்சென்று இருந்தது. விஜியால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். நன்றாகவே அழுதாள்.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அம்மா தானாகவே அந்த அறைக்குள் போனாள். வெறும் மேசையின் நடுவில் டேப் ரிக்கார்டரை வைத்தாள்.

"எது வேணுமானாலும் போடு" என்றாள்.

விஜி ஒரு கேசட்டைப் போட்டாள். அப்பா பேசினார். இருமினார். பேசி முடித்தார். கீஈஈ என்று புரோகிராம் தொடங்கியது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இப்போது வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் யாரும் எழுந்து அதை நிறுத்தவில்லை. அப்பா பதிந்த இரைச்சல் முழுவதும் ஓடி முடிகிறவரை மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.